ட்ரெய்லரில் இழுத்துச் செல்லும் சிறிய பாய்ப்படகு: முதல்முறை வாங்கியவர்கள் கேட்கும் கேள்விகள்

15 அடியிலிருந்து 23 அடி வரை நீளமுள்ள, காருக்குப் பின்னால் இழுத்துப் போகக்கூடிய பாய்ப்படகை வாங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரும்பாலும் அது இரண்டாம் கையாக வாங்கியதாக இருக்கும். கடைகளும் பட்டியல்களும் ஆயிரம் பொருளைக் காட்டும். ஆனால் ட்ரெய்லர் படகுக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு: நீங்கள் கூட்டும் ஒவ்வொரு பொருளும் சாலையில் எடை, கரையில் நேரம். ஒவ்வொரு முறையும் அதை மாட்ட வேண்டும், கழற்ற வேண்டும். தயார் செய்ய இரண்டு மணி நேரம் பிடிக்கும் படகு சீக்கிரமே தார்ப்பாய்க்கடியில் முடங்கிவிடும்.

படகு வந்துவிட்டது. முதலில் எதை வாங்குவது?

எதையும் வாங்காதீர்கள். காற்றில்லாத ஒரு நாளில், படகு ட்ரெய்லரிலேயே இருக்க, பாய்மரத்தை நிறுத்தி இரண்டு பாய்களையும் ஏற்றிப் பாருங்கள். எந்தக் கயிறு எங்கே போகிறது, எந்தப் பின் (இணைப்பு ஊசி) காணவில்லை, எந்தப் புல்லி சுழலவில்லை என்பது அன்றே தெரிந்துவிடும். போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் இருந்து முடிக்கும் வரை எவ்வளவு நேரம் ஆனது என்றும் குறித்துக்கொள்ளுங்கள்.

அதன்பிறகு செலவு செய்யும் வரிசை என் கணக்கில் இப்படி: ட்ரெய்லர், கீல் (படகின் அடியில் தொங்கி அதைக் கவிழாமல் காக்கும் கனத் தகடு), மரத்தைத் தாங்கும் கம்பிகள், உயிர்காப்புச் சாதனங்கள், நங்கூரம், மோட்டார், விளக்கு. மெத்தை, ஸ்பீக்கர், கோப்பை வைக்கும் வளையம் எல்லாம் அப்புறம்.

படகைக் கேட்டால் ட்ரெய்லரை ஏன் முதலில் சொல்கிறீர்கள்?

படகு தண்ணீரைப் பார்ப்பதற்கு முன்பே பயணம் முடிந்துபோவது பெரும்பாலும் சக்கரத்தில்தான். ட்ரெய்லர் டயர்கள் தேய்ந்து கெடுவதைவிட வயதாகிக் கெடுவதே அதிகம். பல டயர்களின் பக்கவாட்டில் நான்கு இலக்கத் தேதிக் குறியீடு இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. ஆறு ஏழு வருடம் தாண்டியிருந்தால், பட்டன் புதிதுபோல் இருந்தாலும் மாற்றிவிடுங்கள். ஸ்பேர் டயர் இல்லாமல் நெடுஞ்சாலையில் ஏறவே வேண்டாம்.

அடுத்தது சக்கர பேரிங். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு நிறுத்தி ஹப்பின் மேல் கை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. கையை வைத்திருக்க முடியாத சூடு என்றால் கிரீஸ் போயிருக்கும், அல்லது பேரிங் இறுக்கமாக இருக்கும். ஓடிவந்த சூட்டோடு ஹப்பைத் தண்ணீரில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். பேரிங் துருப்பிடிப்பது அங்கேதான் தொடங்குகிறது. அதனால் கரைக்கு வந்ததும் உடனே இறக்காதீர்கள். மரம் நிறுத்தி, பாய் கட்டும் நேரத்தில் ஹப் தானாக ஆறிவிடும்.

இழுக்கும் கொக்கியின் மேல் விழும் எடை, படகும் ட்ரெய்லரும் சேர்ந்த மொத்த எடையில் ஏறக்குறைய 10 சதவீதம் இருக்கட்டும். ஆனால் உங்கள் காருக்கு அனுமதித்த அளவைத் தாண்டக் கூடாது. இது மிகவும் குறைந்தால் வேகத்தில் ட்ரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும். படகின் பின்பக்கத்தில் மோட்டார், பெட்ரோல் டேங்க், பேட்டரி, தண்ணீர் கேன் எல்லாவற்றையும் அடுக்கினால் நடப்பது இதுதான்.

முன்னால் இருக்கும் வின்ச் பட்டை படகை ஏற்றுவதற்குத்தான். சாலையில் படகைப் பிடித்து வைப்பதற்கு முன்முனையில் தனிச் சங்கிலியும் பின்னால் இரண்டு பட்டைகளும் வேண்டும்.

தூக்கி இறக்கும் கீலில் என்ன பார்க்க வேண்டும்?

ட்ரெய்லரில் உட்கார்ந்திருக்கும்போது கீலின் முக்கியமான இடங்கள் கண்ணில் படாது. அது தொங்கும் அச்சாணியும் அதைத் தூக்கும் கம்பிக் கயிறும் மறைவில்தான் இருக்கும். 1969-இல் வந்து பதினைந்தாயிரத்துக்கு மேல் கட்டப்பட்ட கேட்டலினா 22 என்ற படகை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஊசல் கீல் ஏறக்குறைய 250 கிலோ வார்ப்பிரும்பு. அவ்வளவு எடையும் ஓர் அச்சாணியையும் ஒரு கம்பிக் கயிற்றையும் நம்பித்தான் ஆடுகிறது. கயிறு அறுந்தால் கீல் ஒரே வீச்சில் கீழே விழும், விழும் வேகத்தில் அதன் கூட்டையே உடைத்துவிடக்கூடும். எனவே கயிற்றின் வயது தெரியாவிட்டால் தெரிந்துகொள்ள முயல வேண்டாம், மாற்றிவிடுங்கள். அச்சாணியைப் பார்க்கப் படகை ஒருமுறை தூக்கியாக வேண்டும். ட்ரெய்லரைப் பழுதுபார்க்கும்போதே அதையும் சேர்த்துச் செய்துவிட்டால் வேலை மிச்சம்.

மெக்ரெகர் 26 போன்ற படகுகளில் கனத்துக்குத் தண்ணீரையே தொட்டியில் நிரப்புவார்கள். இழுக்கும்போது எடை குறைவு, நல்ல யோசனைதான். ஆனால் பாய் ஏற்றுவதற்கு முன் தொட்டி முழுக்க நிரம்பி, வால்வு மூடியிருக்க வேண்டும். அரைத் தொட்டித் தண்ணீர் படகு சாயும் பக்கமாகவே ஓடிச் சேர்ந்து மேலும் சாய்க்கும்.

மரத்தைத் தாங்கும் கம்பிகளை மாற்ற வேண்டுமா?

ஒரு மெல்லிய காகிதக் கைக்குட்டையை எடுத்து ஒவ்வொரு கம்பியையும் கீழிருந்து மேலாகத் துடைத்துக்கொண்டு போங்கள். வெறும் கையால் செய்யாதீர்கள். எங்காவது காகிதம் சிக்கிக் கிழிந்தால் அங்கே ஓர் இழை அறுந்திருக்கிறது. இந்தக் கம்பிகள் பெரும்பாலும் 19 துருப்பிடிக்காத எஃகு இழைகளை முறுக்கியவை. 19-இல் ஒன்றுதானே போனது என்று விடாதீர்கள். ஒன்றை அறுத்த காரணம் மற்றவற்றையும் அறுத்துக்கொண்டிருக்கும்.

கம்பியின் கீழ்முனையில் அதைக் கவ்வியிருக்கும் குழாய் போன்ற பகுதியை உருப்பெருக்கி வைத்துப் பாருங்கள். மழைநீரும் உப்பும் வழிந்து வந்து தங்குவது அங்கேதான், மயிரிழை போன்ற விரிசல் விழுவதும் அங்கேதான். ட்ரெய்லர் படகுக்கு இன்னொரு நோயும் உண்டு. மரத்தை ஏற்றி இறக்கும்போது கம்பி மடங்கிவிடும். ஒருமுறை கூர்மையாக மடங்கிய கம்பியை நிமிர்த்திப் பயனில்லை. வரலாறு தெரியாத பழைய கம்பிகள் என்றால் மொத்தமாக மாற்றிவிடுவதே என் யோசனை. இந்த அளவுப் படகுக்கு 3 அல்லது 4 மி.மீ. கம்பிதான் வரும், பெரிய படகுக்கு ஆகும் செலவு ஆகாது.

கம்பிகளை முறுக்கி இறுக்கும் டர்ன்பக்கிள் ஒவ்வொன்றிலும் பிளவு ஊசி இருக்க வேண்டும். அதன் இரண்டு காலையும் சற்றே விரித்து, மேலே டேப் சுற்றுங்கள். டேப் ஊசியைப் பிடிப்பதற்கு அல்ல, ஊசி பாயையும் காலையும் கிழிக்காமல் இருப்பதற்கு. ஊசி இல்லாத டர்ன்பக்கிள் அலையில் ஆடி ஆடித் தானே கழன்றுகொள்ளும்.

மரத்தை ஒரே ஆளால் நிறுத்த முடியுமா?

17, 18 அடிப் படகென்றால் பெரும்பாலும் முடியும். அதற்கு மேல் ஒரு துணைக்கம்பம் வேண்டும். மரத்தின் அடியில் செங்குத்தாக நிற்கும் ஒரு சிறு கம்பத்தின் வழியாகக் கயிற்றைக் கொண்டுபோய், பெரிய பாயின் புல்லித் தொகுப்பையே வைத்து இழுக்கலாம். மரம் பாதி உயரத்தில் இருக்கும்போது பக்கக் கம்பிகள் தளர்ந்திருக்கும். பக்கவாட்டில் சாயாமல் இருக்க இரண்டு தற்காலிகக் கயிறுகள் கட்டிக்கொள்ளுங்கள். பணம் செலவழிக்க ஒரு நல்ல இடம் கேட்டால் இதைத்தான் காட்டுவேன். இந்த ஒரு ஏற்பாடு கரையில் ஆகும் நேரத்தையும் பயத்தையும் நிறையக் குறைக்கும்.

எல்லாவற்றுக்கும் முன்பு தலைநிமிர்ந்து பாருங்கள். மேலே மின்கம்பி போகிறதா? அலுமினிய மரமும் எஃகுக் கம்பியும் மின்சாரத்தை நேராக உங்கள் கைக்குக் கொண்டுவரும். மரம் நிறுத்தும் இடத்தில் மட்டும் பார்த்தால் போதாது. அங்கிருந்து தண்ணீர் வரைக்கும் போகும் வழி முழுவதையும் நடந்து பார்த்துவிட்டு வாருங்கள்.

என்ன கயிறு வாங்குவது?

பாயை ஏற்றும் ஹாலியார்டுக்கு அதிகம் இழுபடாத பாலியஸ்டர். பாயைக் கட்டுப்படுத்தும் ஷீட்டுக்குக் கைக்கு மென்மையான பாலியஸ்டர். வலிமைக் கணக்குப்படி 6 மி.மீ. போதும் என்றாலும் ஈரக்கைக்கு 8 மி.மீ. பிடிக்க வசதி. முன்பாயின் ஷீட் ஒவ்வொன்றும் படகு நீளத்தைப் போல் ஒன்றரை மடங்கு இருக்கட்டும். அவற்றைப் பாயின் மூலையில் போலைன் முடிச்சால் கட்டுங்கள். உலோக ஷாக்கிள் (U வடிவ இணைப்பு) போட்டால், காற்றில் படபடக்கும் பாயில் அது சுத்தியல்தான். வேலைக்கு ஒரு நிறம் வைத்துக்கொண்டால் புதிதாக ஏறியவரிடம் “அந்த நீலக் கயிற்றை விடுங்கள்” என்று சொல்லலாம்.

பெரிய பாயில் ரீஃப் வசதி இல்லை. அவசியமா?

அவசியம். ரீஃப் என்பது காற்று கூடும்போது பாயின் அடிப்பகுதியைக் கட்டிப் பரப்பைக் குறைப்பது. காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். காற்று 10 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்திலிருந்து 14 நாட் ஆனால் அழுத்தம் ஏறக்குறைய இரு மடங்கு, 20 ஆனால் நான்கு மடங்கு. முகத்தில் படும் காற்றில் பெரிய வித்தியாசம் தெரியாது, ஆனால் படகுக்குத் தெரியும். பாய் தைப்பவரிடம் கொடுத்து ஒரு வரிசையாவது போட்டுக்கொள்ளுங்கள், முடிந்தால் இரண்டு.

செய்யும் முறை இது. பூம் என்பது பெரிய பாயின் அடிவிளிம்பைத் தாங்கும் கிடைக்கம்பம். பெரிய பாயின் ஷீட்டையும், பூமைக் கீழே இழுத்துப் பிடிக்கும் ‘வேங்’ என்ற கயிற்றையும் தளர்த்துங்கள். பூமின் பின்முனையைத் தாங்கும் கயிறு அதைப் பிடித்துக்கொள்ளட்டும். ஹாலியார்டை ஏற்கெனவே போட்டுவைத்த அடையாளம் வரை இறக்குங்கள். மையால் ஒரு கோடு, அல்லது நூலால் நாலு தையல், அதுவே அடையாளம். பாயின் முன் விளிம்பில் இருக்கும் ரீஃப் வளையத்தைப் பூமின் முன்முனைக் கொக்கியில் மாட்டுங்கள். ஹாலியார்டை மறுபடி நன்றாக இறுக்குங்கள். பிறகு பின் விளிம்பின் ரீஃப் கயிற்றை, வளையம் பூமைத் தொடும் வரை இழுத்துக் கட்டுங்கள். கடைசியாக வேங் கயிற்றையும் ஷீட்டையும் இழுத்துக்கொண்டு கிளம்பலாம். நடுவில் தொங்கும் சிறு கயிறுகள் தளர்ந்த பாயைச் சுருட்டிக் கட்ட மட்டுமே. அவற்றில் இழுவிசை விழுந்தால் பாய் கிழியும்.

ட்ரெய்லரில் நிற்கும் படகிலேயே இதைச் செய்து பழகுங்கள், கை தானாகப் போகும் வரை. எப்போது ரீஃப் போடுவது என்ற கேள்வி மனதில் வந்தாலே நேரம் வந்துவிட்டது.

முன்பாய்க்கு ரோலர் ஃபர்லர் போடலாமா?

பாயைச் சுருள வைக்கும் ஃபர்லர் தண்ணீரில் சுகம், கரையில் தொல்லை. மரம் ஏற்றும்போது அந்த நீண்ட அலுமினியக் குழாய் எங்காவது வளைந்துவிடும். முதல் பருவத்துக்குக் கொக்கி மாட்டும் சாதாரண முன்பாயே போதும். பாயின் தலையில் கட்டிய ஒரு மெல்லிய கயிற்றைக் கீழே ஒரு சிறு புல்லி வழியாக உட்காரும் இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டால், அங்கிருந்தே இழுத்துப் பாயை இறக்கலாம். விலை சொற்பம்.

மோட்டார் எத்தனை குதிரைத்திறன்?

இத்தகைய படகு தான் எழுப்பும் அலையைத் தாண்டி ஓடாது. நீர்மட்ட நீளத்தின் அடிக்கணக்கை வர்க்கமூலம் எடுத்து 1.34-ஆல் பெருக்கினால் உச்ச வேகம் நாட் கணக்கில் வரும். 18 அடிக்கு ஏறக்குறைய 5.7 நாட். அந்த வேகத்துக்கு 4 முதல் 6 குதிரைத்திறன் தாராளம், சிறிய படகுகளுக்கு 2.5 போதும். பெரிய மோட்டார் பின்பக்கத்தில் எடையைத்தான் கூட்டும்.

குதிரைத்திறனைவிட தண்டின் நீளமே முக்கியம். குறுந்தண்டு ஏறக்குறைய 38 செ.மீ., நெடுந்தண்டு 51 செ.மீ. பாய்ப்படகுக்குப் பெரும்பாலும் நெடுந்தண்டுதான் பொருந்தும். குறுந்தண்டு போட்டால், யாராவது முன்பக்கம் நடந்து போனதுமே விசிறி காற்றில் சுழலும். மோட்டாரை அணைக்கும் பாதுகாப்புக் கயிற்றை எப்போதும் உடம்பில் மாட்டிக்கொள்ளுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடியில் தேங்கும். எடுத்துச் செல்லும் டேங்கைக் கரையில் இறக்கி வைத்து நிரப்புங்கள். உப்புநீரில் ஓட்டினால் திரும்பியதும் நன்னீர் விட்டு அலசுங்கள்.

சின்னப் படகுக்கு நங்கூரம் எதற்கு?

மோட்டார் நின்று, காற்று கரையை நோக்கித் தள்ளும்போது உங்களிடம் இருக்கும் ஒரே பிரேக் அதுதான். மணலுக்கும் சேற்றுக்கும் டான்ஃபோர்த் வகை நல்லது, தட்டையாக மடங்கி இடத்தை அடைக்காது. பாறையிலும் நீர்ப்பாசியிலும் அது அவ்வளவாகப் பிடிக்காது. நங்கூரத்தோடு 4, 5 மீட்டர் சங்கிலி, அதன் பின்னால் நைலான் கயிறு. நைலான் இழுபடும், அலையின் அதிர்ச்சியைத் தாங்கும். மலிவான பாலிப்ரோப்பிலீன் மிதக்கும், இங்கே அது ஆகாது.

ஆழம் 3 மீட்டர், தண்ணீரிலிருந்து முன்முனையின் உயரம் 1 மீட்டர் என்றால் மொத்தம் 4. அதைப்போல் 7 மடங்கு, அதாவது 28 மீட்டர் விட வேண்டும். ஓதம் 2 மீட்டர் ஏறினால் கணக்கு 42-க்குப் போகும். அதனால் 50 மீட்டர் வைத்திருங்கள். கயிற்றின் மறுமுனையைப் படகில் கட்டியிருக்கிறீர்களா என்று வீசுவதற்கு முன் பாருங்கள். சிரிக்காதீர்கள், நங்கூரத்தோடு கயிறும் சேர்ந்து போவது புதிய கதை அல்ல.

மின்சார ஏற்பாடு எவ்வளவு வேண்டும்?

கொஞ்சம். 20, 30 ஆம்பியர்-அவர் கொண்ட ஒரு 12 வோல்ட் பேட்டரி, எல்இடி விளக்குகள், போன் சார்ஜ் செய்ய ஒரு துளை. 3 வாட் விளக்கு ஓர் இரவு முழுக்க எரிந்தால்கூட 3 ஆம்பியர்-அவர்தான் ஆகும். பேட்டரியின் பிளஸ் முனைக்கு மிக அருகில், 18 செ.மீ.க்குள், முதல் ஃபியூஸ் இருக்கட்டும். வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியையே வாங்குங்கள். சாதாரணச் செம்பு ஈரத்தில் உறைக்குள்ளேயே கறுத்துவிடும். பேட்டரியைப் பட்டை போட்டுக் கட்டுங்கள், படகு சாயும் என்பதை மறக்க வேண்டாம்.

பகலில் மட்டும் போகிறேன். விளக்கு தேவையா?

காற்று நின்றுபோனால் பகல் இரவாகிவிடும். 1972-இன் சர்வதேச மோதல் தவிர்ப்பு விதிகளின்படி, 7 மீட்டருக்குக் குறைவான பாய்ப்படகு முடிந்தவரை இடப்பக்கச் சிவப்பு, வலப்பக்கப் பச்சை, பின்பக்க வெள்ளை விளக்குகளைக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் வெள்ளை ஒளி தரும் டார்ச்சையாவது கையில் தயாராக வைத்து, மோதலைத் தவிர்க்கும் நேரத்துக்குள் காட்ட வேண்டும். பாய் ஏறியிருந்தாலும் மோட்டார் படகைத் தள்ளினால் விதிப்படி நீங்கள் மோட்டார் படகு. அதற்கு விளக்கு வேறு. உங்கள் நாட்டின் உள்நாட்டு நீர்நிலை விதிகளையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உயிர்காப்புச் சாதனங்களில் எதை விடவே கூடாது?

ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், அவரவர் அளவில். குழந்தைக்குப் பெரியவருடையது ஆகாது, தலைவழியாகக் கழன்று போகும். காற்று நிரம்பும் வகை உடம்புக்கு இதம். ஆனால் அதன் வாயு சிலிண்டரை அவ்வப்போது திருகிப் பார்க்க வேண்டும். அதைப் பார்க்கும் பழக்கம் இல்லாதவர் நுரை வகையையே வாங்கட்டும்.

பலர் மறப்பது ஏணி. விழுந்தவர் தண்ணீரிலிருந்தே எட்டி இறக்கக்கூடிய ஏணியாக இருக்க வேண்டும், கடைசிப் படி நீருக்கடியில் போக வேண்டும். ஈர உடையோடு படகின் பக்கவாட்டில் கையூன்றி ஏறலாம் என்று நினைப்பவர்கள் அமைதியான நாளில் ஒருமுறை முயன்று பாருங்கள். தனியாகப் போகிறவருக்கு இது ஜாக்கெட்டுக்கு அடுத்த இடத்தில் வருகிறது.

இவற்றோடு கைப்பம்பு, கைப்பிடி கழலாத ஒரு வாளி, தீயணைப்பான், விசில், துடுப்பு. கடலிலோ பெரிய ஏரியிலோ போனால் தண்ணீர் புகாத கையடக்க வி.எச்.எஃப். வானொலி. ஆபத்து அழைப்புக்குச் சேனல் 16. உரிமம் வேண்டுமா என்பது நாட்டுக்கு நாடு மாறும்.

டெக்கில் (மேல்தளத்தில்) புதிதாக ஒரு கிளீட் (கயிறு கட்டும் கொம்பு) பொருத்த வேண்டும். துளை போட்டு போல்ட் மாட்டினால் போதாதா?

போதாது. பல படகுகளில் டெக்கின் இரண்டு ஃபைபர்கிளாஸ் தகடுகளுக்கு நடுவே பால்சா மரமோ பிளைவுட்டோ இருக்கும். துளை வழியே ஊறும் தண்ணீர் அதை அழுக வைத்துவிடும். துளையைப் பெரிதாகப் போட்டு, எபாக்ஸி நிரப்பி, அது இறுகியதும் நடுவில் சரியான அளவுத் துளை போடுங்கள். கிளீட்டுக்கு அடியில் பியூட்டைல் டேப், டெக்குக்குக் கீழே ஒரு தாங்கு தகடு. சிலிக்கான் பசையை இங்கே பயன்படுத்தாதீர்கள், பின்னால் வேறு எதுவும் அந்த இடத்தில் ஒட்டாது.

ஜி.பி.எஸ். திரை, ஆட்டோபைலட், அடுப்பு, அடிப்பாகப் பெயிண்ட்?

திரைக்குப் பதில் போன் போதும், ஆனால் கூடவே ஒரு திசைகாட்டியும் அந்த இடத்தின் வரைபடமும் இருக்கட்டும். ஆட்டோபைலட் தனியாக ஓட்டுகிறவருக்கு உதவும், அதுவரை சுக்கான் கைப்பிடியை நிறுத்திவைக்க ஒரு ரப்பர் கயிறு போதும். அடுப்பைத் திறந்தவெளியில் மட்டும் வையுங்கள். மூடிய அறையில் எரித்தால் கார்பன் மோனாக்சைடு மணமில்லாமல் கொல்லும். பாசி ஒட்டாத பெயிண்ட், படகை வாரக்கணக்கில் தண்ணீரிலேயே விட்டுவைப்பவர்களுக்கு. ஒவ்வொரு முறையும் ட்ரெய்லரில் ஏற்றுகிறவருக்கு அது வீண்.

முதல் நாள் கரையில் எந்த வரிசையில் செய்வது?

சரிவுக்குப் போகுமுன்பே தள்ளி நிறுத்தி எல்லாவற்றையும் தயார் செய்யுங்கள், பின்னால் வருகிறவர் காத்திருக்க வேண்டியதில்லை. மரம், பூம், சுக்கான், கயிறுகள், மிதவைத் தடுப்புகள். ட்ரெய்லர் விளக்கின் மின் இணைப்பைக் கழற்றுங்கள், சூடான பல்ப் தண்ணீரில் வெடிக்கும். பின்பட்டைகளை எடுங்கள். முன்முனைச் சங்கிலியையும் வின்ச்சையும் மட்டும், பின்சக்கரம் தண்ணீர் தொடும் வரை விட்டுவையுங்கள். ஈரச் சரிவில் படகு தானாக நழுவிக் காங்கிரீட்டில் இறங்குவது உண்டு.

அப்புறம் அடைப்பான். படகின் அடியில் தண்ணீர் வடிக்கும் துளைக்கு ஒரு திருகு அடைப்பான் இருந்தால், அதைக் கழற்றி வைக்கும்போதெல்லாம் கார் சாவியோடு கோத்து வையுங்கள். படகில் எங்காவது இன்னொன்றும் இருக்கட்டும்.